மூன்றாம் மாடிக் கதவு

கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு 'அரசாங்கம்' என்று பெயர்.

அரசு வழக்கறிஞராக நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். வலது பக்க மேஜையிலிருந்து எழுந்து, கூண்டில் நிற்கிறவனை உள்ளே அனுப்பச் சொல்லியே பழகிய குரல் அது. பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிப்பு கிடைக்கவில்லை. பேசாமல் வீட்டில் உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்தார். மனைவி விடவில்லை.

"வேற எங்கேயாவது போய் விசாரிங்க. பால் ஏன் பொங்குச்சு, அப்ப நீ எங்க நின்னேன்னு கேட்டா தினமும் என்னால கூண்டுல ஏற முடியாது."

ஆகவே இடது பக்க மேஜைக்கு மாறினார். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வக்கீல். அன்று கேண்டீனில் தேநீரைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் விற்றது. "அரசாங்கமே கட்சி மாறிடுச்சு. இனி யாரை நம்புறது?"

மாறியது மேஜை மட்டும்தான். கை, கால், நாக்கு எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. முதல் வாரத்திலேயே மறந்துபோய் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் ஜூனியராக இருந்து இப்போது அந்தப் பதவிக்கு வந்திருந்த பெண் வக்கீல், எல்லோரும் 'குட்டி அரசாங்கம்' என்று கூப்பிடுகிறவள், பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னாள்.

"சார், இது இப்ப என் இடம்."

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அதற்காகத்தான் போலீஸ்காரர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எந்த வழக்கிலும் ஓட்டை இருந்தால் அவருக்குத் தாங்காது. விசாரணைக்கு முன்னால் அதிகாரியை எதிரே உட்கார வைத்து, இது எங்கே, அது எப்போது, நடுவில் என்ன நடந்தது என்று குடைந்து குடைந்து ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்துவிடுவார். கூண்டில் ஏறிய பிறகு எவராவது தடுமாறினால், சட்டம் இடம் கொடுக்கிற அளவுக்கு ஒரு கேள்வியைப் போட்டுத் தூக்கி நிறுத்திவிடுவார்.

அந்தப் பழக்கம்தான் ஒரு மனிதனின் கழுத்துக்குக் கயிறு போடப் பார்த்தது.

*

லிஃப்ட் மெக்கானிக் ஒருவன். வேலை பார்த்தது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில். அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் அவனுக்கும் ஒரு நாள் காலை வாக்குவாதம். கத்தல் எல்லா மாடிக்கும் கேட்டது. எதற்காகக் கத்தினார்கள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. மெக்கானிக் செயலாளரின் சட்டையைப் பிடித்ததை மட்டும் இரண்டு பேர் பார்த்தார்கள். அன்று மாலைக்குள் செயலாளர் மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோனார். லிஃப்ட் பெட்டி அப்போது உச்சியில் நின்றிருந்தது. மெக்கானிக் மொட்டை மாடி மெஷின் ரூமிலிருந்து படியில் தலைதெறிக்க இறங்கி ஓடினான்.

அந்தக் கட்டிடத்தில் ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடி வைத்த இரும்புக் கதவு. பெட்டி அந்த மாடிக்கு வந்து நின்றால்தான் பூட்டு விடும். பெட்டி இல்லாதபோது திறக்க வேண்டுமென்றால் மூன்று பட்டை வைத்த ஒரு சாவி வேண்டும். அது மெக்கானிக்கின் பையில் இருந்தது.

சாவியால் திறந்தான், தள்ளினான். இதுதான் அரசுத் தரப்புக் கதை.

அரசாங்கத்தைத் தேடி வந்தது அந்த மெக்கானிக்கின் அக்கா. தையல் கடை வைத்திருப்பவள். ரவிக்கைத் துணியில் குத்திய குண்டூசியை எடுக்க மறந்து வந்திருந்தாள்.

"எங்க தெருவுல ரெண்டு பேரை உள்ள தள்ளினவர் நீங்க. அதான் வந்தேன்."

"அதுக்கு என் மேல கோபம்தானம்மா வரணும்?"

"அவங்க செஞ்சவங்க ஐயா. என் தம்பி செய்யல. செஞ்சவன் யாருன்னு தெரிஞ்சவருக்கு செய்யாதவன் யாருன்னும் தெரியும்ல?"

வழக்கை எடுத்துக்கொண்டார்.

விசாரணை தொடங்கிய அன்று வராந்தாவில் ஓர் அம்மாள் வந்து எதிரே நின்றாள். இறந்துபோன செயலாளரின் மனைவி. யாரோ கை காட்டி அனுப்பியிருந்தார்கள்.

"நீங்கதான அரசாங்கம்? எங்க வீட்டுக்காரர் கேஸை நீங்க பாக்குறதா சொன்னாங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

எத்தனையோ விதவைகள் அவர் முன்னால் இப்படி நின்றிருக்கிறார்கள். "கவலைப்படாதீங்கம்மா" என்ற வார்த்தை பழக்கத்தில் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"நான் எதிர்த்தரப்பும்மா. உங்க வக்கீல் அதோ நிக்கிறாங்க."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்தாள்.

*

வழக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கண்டுபிடித்தது அவருடைய அண்ணன் மகள். அவள்தான் இப்போது அவருக்கு ஜூனியர்; கோர்ட்டில் 'சார்', அறைக்குள் வந்தால் 'சித்தப்பா'.

"பையிலேர்ந்து சாவி எடுத்தாங்க, சரி. அந்தச் சாவி அந்தக் கதவைத் திறக்கும்னு யாராவது சொல்லியிருக்காங்களா? குற்றப்பத்திரிகைல இல்ல. இன்ஸ்பெக்டர் முதல் விசாரணைல சொல்லல. குட்டி அரசாங்கமும் கேக்கல."

"ம்."

"இதை நாம தொடவே கூடாது, சித்தப்பா. குறுக்கு விசாரணைல அந்தப் பக்கமே போகாதீங்க. கடைசி வாதத்துல எடுத்து வெச்சா ஆடிப்போயிடுவாங்க."

"எனக்கே பாடமா?" என்றார் சிரித்துக்கொண்டு.

"உங்களுக்குத்தான் வேணும்."

குறுக்கு விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் மறுபடி கூண்டில் ஏறினார். கனத்த உடம்பு, நேர்மையானவர், ஆனால் வார்த்தைகளை வரிசையாக அடுக்கத் தெரியாதவர். அரசாங்கத்தோடு பல வருஷம் வழக்கு நடத்தியவர். தடுமாற்றம் வந்தால் கைக்கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டு அரசாங்கத்தின் முகத்தைப் பார்ப்பார். அது எல்லா வக்கீல்களுக்கும் தெரிந்த பழைய வேடிக்கை.

அரசாங்கம் எழுந்தார்.

"பையை எங்க வெச்சுத் திறந்தீங்க?"

"மொட்டை மாடில, மெஷின் ரூம் வாசல்ல."

"சாவியை அங்கேயே கவர்ல போட்டு சீல் வெச்சீங்களா?"

"ஆமா... இல்ல. ஸ்டேஷன்ல வந்துதான் சீல் வெச்சோம்."

"அப்போ மொட்டை மாடிலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும் அது யார் கையில இருந்தது?"

"என் கையிலதான்."

"கொலைக் கேஸ்ல முக்கியமான பொருள். சீல் வெக்காம ஏன் கையில தூக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

அருமையான இடம். இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியில் வேர்த்தது. அரசாங்கம் கேள்வியை அதோடு நிறுத்தி உட்கார்ந்துவிட்டிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரின் இடது கை கடிகார வாரைத் திருகியது. பழைய பார்வை வந்து அரசாங்கத்தின் முகத்தில் விழுந்தது. என்னங்க சார் சொல்லணும் என்று கேட்கிற பார்வை.

அரசாங்கத்தின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"மொட்டை மாடிலேர்ந்து இறங்கி வரும்போது மூணாம் மாடிக் கதவுல அந்தச் சாவியைப் போட்டுப் பாத்தீங்க, திறந்துச்சு. அதுக்காகத்தான சீல் வெக்காம கையில வெச்சிருந்தீங்க?"

"ஆமாங்க சார்!" இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "போட்டுப் பாத்தேன். உடனே திறந்துச்சு."

தட்டச்சர் தட்டி முடித்தார். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அரசாங்கத்துக்குத் தான் செய்தது உறைத்தது. பக்கத்தில் அண்ணன் மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"மறு விசாரணை உண்டா?" என்று நீதிபதி அரசுத் தரப்பைக் கேட்டார்.

குட்டி அரசாங்கம் எழுந்தாள். தன் பழைய சீனியர் பக்கம் திரும்ப அவளுக்கு மனசு வரவில்லை. "தேவையில்லை, யுவர் ஆனர்."

*

வாசலில் மெக்கானிக்கின் அக்கா காத்திருந்தாள்.

"இன்னைக்கு நல்லாப் போச்சாங்க ஐயா? இன்ஸ்பெக்டர் வேர்த்து விறுவிறுத்துப் போனதைப் பாத்தேன்."

பேசாமல் தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"நல்லாப் போகலம்மா. நான் கேக்கக் கூடாத ஒண்ணைக் கேட்டுட்டேன். உன் தம்பிக்கு அது பாதகம். வேற வக்கீல் வேணும்னா சொல்லு, நானே நல்ல ஆளாப் பார்த்துத் தரேன்."



"துணியைத் தப்பா வெட்டிட்டா தைக்கிறவளே ஒட்டுப் போட்டுத் தரணும் ஐயா. அடுத்த கடைக்குப் போன்னு சொன்னா எப்படி?"

அறைக்குள் போனதும் அண்ணன் மகள் கதவைச் சாத்தினாள். மேஜையில் கேஸ் கட்டை இறக்கி வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை; அது இன்னும் மோசமாக இருந்தது.

"கேண்டீன்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அரசாங்கத்துக்கு இன்னும் அரசாங்கம்தான் சம்பளம் கொடுக்குதாம்."

"சொல்லட்டும்."

"இப்ப என்ன பண்றது?"

அவர் ஜன்னலோரம் நின்றார். கீழே கைதிகள் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. கம்பி வலைக்குள் யார் யாரோ. அதில் ஒருவன் அவருடைய ஆள்.

"சாவி திறக்கும்னு ஆயிடுச்சு. அடைச்சது அடைச்சதுதான். ஆனா அவன் திறக்கலைன்னா கதவு எப்படித் திறந்துச்சு? இதை நான் அவன்கிட்டக் கேக்கவே இல்ல."

உண்மைதான். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வாதாடுகிற வக்கீல்களிடம் ஒரு வழக்கம் உண்டு. என்ன நடந்தது என்று கட்சிக்காரனைக் கேட்க மாட்டார்கள். தெரியாமல் இருப்பதே வசதி. புதிதாகச் சேர்ந்த வீட்டில் முதல் நாள் விருந்தாளி நடந்துகொள்வதுபோல அரசாங்கம் அந்த வழக்கத்தைச் சிரத்தையாகக் கடைப்பிடித்திருந்தார். அரசு வக்கீலாக இருந்திருந்தால் முதல் வேலையாக அதைத்தான் கேட்டிருப்பார்.

*

சிறையில் பார்வையாளர் அறை. நடுவில் கம்பி வலை. மெக்கானிக்கின் நகக்கண்களில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை.

"அன்னைக்கு எதுக்குச் சண்டை?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "அந்தக் கதவுக்குத்தான் சார்."

"கதவுக்கா?"

"மூணாம் மாடிப் பூட்டுல நாக்கு தேஞ்சு போச்சு சார். பெட்டி இல்லன்னாலும் பலமா இழுத்தா திறந்துக்கும். மாத்தணும்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். செயலாளர் கேக்கல. அன்னைக்கு நான் லிஃப்டை நிறுத்தி வெக்கிறேன்னு சொன்னேன். முடியாது, மேல வேலையை மட்டும் பாத்துட்டுப் போன்னாரு. எனக்குப் பொறுக்கல, சட்டையைப் பிடிச்சிட்டேன். தப்புதான். அப்புறம் மேல போய் வேலை பாத்துட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அவ்வளவுதான் சார்."

"இதை ஏன்டா என்கிட்ட இத்தனை நாளாச் சொல்லல?"

"நீங்கதான சார் முதல் நாளே, கேக்காததைச் சொல்லாதேன்னீங்க."

அண்ணன் மகள் சித்தப்பாவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"இழுத்தா யாருக்கும் திறக்குமா? இல்ல உனக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது வித்தை இருக்கா?"

"வித்தை எல்லாம் ஒண்ணுமில்ல சார். அவசரத்துல இழுக்குற மாதிரி இழுக்கணும். மெல்ல இழுத்தா வராது."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "சம்பவத்துக்கு அப்புறம் லிஃப்டுக்குப் போலீஸ் சீல் வெச்சிருக்கு. யாரும் பூட்டை மாத்தியிருக்க முடியாது."

"நீதிபதியையே அங்க கூட்டிட்டுப் போவோம்."

"திறக்கலைன்னா?"

திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். தன் கையாலேயே சாவி திறக்கும் என்று நிரூபித்து, சாவி இல்லாமல் திறக்காது என்பதையும் தன் கையாலேயே நிரூபித்தவராக நிற்பார். மெக்கானிக் வெளியே வரவே மாட்டான்.

*

கதவை நீதிபதி நேரில் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டார். குட்டி அரசாங்கம் ஆட்சேபித்தாள், நீதிபதி மனுவை அனுமதித்தார்.

லிஃப்ட் சீல் வைத்த கட்டிடத்தில் எல்லோரும் படியேற வேண்டியிருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு பருத்த மனிதர் காய்கறிப் பையோடு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். வருவது நீதிபதி என்று அவருக்குத் தெரியாது.

"சீக்கிரம் முடிங்க சாமி. கேஸ் முடியறதுக்குள்ள நாங்க முடிஞ்சிடுவோம்."

நீதிபதிக்கும் மூச்சு வாங்கியது. "நானும்தான்" என்றார்.

மூன்றாம் மாடி நடையில் வெளிச்சம் குறைவு. கதவின் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடியில் தூசி அப்பியிருந்தது. உள்ளே பெட்டி நிற்கிறதா இல்லையா என்று தெரியாது. எதிர் வீட்டு வாசலில் செயலாளரின் மனைவி நின்றிருந்தாள். காவலர்களுக்கு நடுவே மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் சீலை உடைத்து, சாவியைப் போட்டுத் திருகினார். கதவு திறந்தது. உள்ளே வெறும் இருட்டு. மறுபடி சாத்தினார். 'டக்'கென்று பூட்டு விழுந்தது.

"இப்ப சாவி இல்லாம இழுங்க" என்றார் அரசாங்கம்.

"யார் இழுக்கணும்?" என்று குட்டி அரசாங்கம் கேட்டாள். "குற்றம் சாட்டப்பட்டவரோட ஆளுங்க யாரும் தொடக் கூடாது."

"இன்ஸ்பெக்டரே இழுக்கட்டும்."

அண்ணன் மகள் அவர் கையைக் கிள்ளினாள். எதிர்த்தரப்பு ஆளிடமா கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கண்ணாடிச் சாமானைத் தொடுவதுபோல அவ்வளவு மரியாதையாக இழுத்தார். கதவு அசையவில்லை.

மெக்கானிக்கின் அக்கா படியருகே நின்றிருந்தாள். அவள் மூச்சை இழுத்தது எல்லோருக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். கடிகார வாரைத் திருகினார். பழைய பார்வை.

பலமா இழுங்க. இரண்டே வார்த்தை. அரசாங்கத்தின் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் சொல்லிக் கொடுத்துத் திறந்தால் அது சொல்லிக் கொடுத்ததாகத்தான் பதிவாகும். அவர் தரையைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். நாக்கைப் பல்லுக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதி, "திறக்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாமா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது என்று அவருக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. பிறகு அவர் கதவைப் பார்த்தார். தூசி படிந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம், ஐயா. வீட்டுக்குப் போற அவசரத்துல யாரும் இப்படி இழுக்க மாட்டாங்க."

வலது காலைப் பின்னால் ஊன்றி, கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தார்.

கதவு திறந்துகொண்டது. இன்ஸ்பெக்டரே இரண்டடி தள்ளாடினார். குழிக்குள்ளிருந்து சில்லென்று காற்று வந்து எல்லார் முகத்திலும் அடித்தது. நீதிபதி தன்னையறியாமல் பின்னால் நகர்ந்தார்.

குட்டி அரசாங்கம் இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கோப்பை மூடினாள்.

*

கதவுக்கு மறுபடி சீல் வைத்துவிட்டு எல்லோரும் இறங்கிய பிறகு அரசாங்கம் படியில் கால் வைத்தார். பின்னால் குரல் கேட்டது.

"சார்."

செயலாளரின் மனைவி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவரும் அப்படித்தான் இழுப்பாரு. 'இழுத்தா திறக்குது, அப்புறம் எதுக்கு ரிப்பேர்'னு சொல்வாரு. எனக்குத் தெரியும். யாரும் என்னை அதைக் கேக்கல." லிஃப்ட் கதவைப் பார்த்தாள். "இதை நான் கூண்டுல ஏறிச் சொல்லணுமா? அவர் புத்தி கெட்டுச் செத்தாருன்னு அத்தனை பேர் முன்னாடி என் வாயால சொல்லணுமா?"

கடைசி ஓட்டை. இதையும் அடைத்துவிட்டால் வழக்கில் ஊசி நுழைய இடமிருக்காது. அந்த வாக்குமூலத்தை எப்படி வாங்க வேண்டும், எந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும் என்பதுவரை அவர் மனசு அதற்குள் ஓடிவிட்டது. இவ்வளவு காலம் ஓடிய வழியல்லவா?

"வேண்டாம்மா" என்றார். "கதவு சொன்னதே போதும்."

கீழே அண்ணன் மகள் பொரிந்து தள்ளினாள். "போதுமா? நீதிபதி வேற மாதிரி நினைச்சா? கையில கிடைச்சதைக் கீழ போட்டுட்டு வரீங்களே, சித்தப்பா!"

"போதும்."

சொன்னாரே தவிர, தீர்ப்பு வருகிறவரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் மனைவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது தோளில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

தீர்ப்பைக் கேட்க கோர்ட் நிறைந்திருந்தது. கதவைத் திறக்கச் சாவி தேவையே இல்லை என்பதை நீதிமன்றம் நேரில் கண்டது. செயலாளர் தானே திறந்து தவறி விழுந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. விடுதலை.

அக்கா அழவில்லை. தம்பியின் சட்டையில் காணாமல் போயிருந்த பொத்தானின் இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பின் வரிசையில் செயலாளரின் மனைவி எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

மெக்கானிக் அரசாங்கத்தின் அருகில் வந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தார்.

"சார், கேஸ் முடிஞ்சா லிஃப்ட் சீலை எடுத்துடுவாங்கல்ல?"

"ஆமா."

"ஜனங்க உடனே ஏற ஆரம்பிச்சிடுவாங்க சார். பூட்டு அப்படியேதான இருக்கு."

அரசாங்கம் அவனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் இன்ஸ்பெக்டரைத் தேடினார். அவர் வாசலோரம் தனியாக நின்றிருந்தார். பழைய கூட்டாளியைக் கண்டதும், இவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று கை தானாகக் கடிகார வாருக்குப் போனது.

"நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம், நானே சொல்றேன்" என்றார் அரசாங்கம். "பூட்டை மாத்துற வரைக்கும் அந்த சீலை எடுக்காதீங்க."

"சரிங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.